டர்போ ஹேட்ச்பேக்கில் நெடும்பயணம்: வண்டி காட்டும் அறிகுறியும் செய்ய வேண்டியதும்

ஐ20 என் லைன், போலோ ஜிடி டிஎஸ்ஐ, அல்ட்ரோஸ் ரேசர், பழைய பலேனோ ஆர்எஸ். இப்படி டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) பொருத்திய சின்ன கார் வைத்திருப்பவர்கள் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கோ வால்பாறைக்கோ கிளம்பும்போது வழியில் சந்திக்கும் கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். நகரத்துக்குள் ஓட்டும்போது இவற்றில் பாதி தலைகாட்டாது. ஐ20 என் லைனில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அதிலிருந்து 120 பிஎஸ் சக்தியும், 172 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் (டார்க்) வருகிறது. சின்ன எஞ்சினிலிருந்து இவ்வளவு சக்தியைப் பிழியும்போது அதே அளவுக்கு வெப்பமும் வெளியே போயாக வேண்டும். நாலு பேர், டிக்கி நிறைய சாமான், மே மாத மதியம், ஏசி முழு வேகத்தில் என்று நாள் முழுக்க ஓடினால் எங்கே வெப்பம் தேங்குகிறதோ அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கும். அதனால் ஏதாவது அறிகுறி தெரிந்தால் என்ன உடைந்தது என்று தேடுவதற்கு முன், இப்போதே நிறுத்த வேண்டுமா, அடுத்த ஊர் வரை மெதுவாகப் போகலாமா, ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்யுங்கள்.

சிவப்பு விளக்கு எரிகிறது

எண்ணெய்க் குடுவை வடிவில் சிவப்பு விளக்கு வந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். அடுத்த பங்க் வரை போகலாம் என்ற பேச்சே கிடையாது. இடது ஓரம் வந்து எஞ்சினை அணைத்துவிடுங்கள். டர்போவின் சுழல்தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்று சுழலக்கூடியது, அது மிதப்பதே மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான், ஆயில் இல்லாமல் அரை நிமிடம் ஓடினாலும் பேரிங் தேய்ந்துவிடும். பத்து நிமிடம் கழித்து சமதளத்தில் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்றிவிட்டு, விளக்கு அணைகிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்பலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் இழுவை வண்டிதான். தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறீர்கள் என்றால் 1033-க்கு அழையுங்கள், அதற்கான உதவி எண் அது. உதவி வரும்வரை பின்னால் முக்கோணத்தை வைத்துவிட்டு, எல்லோரும் வண்டியை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். ஓரத்தில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பதைவிட ஆபத்தான இடம் நெடுஞ்சாலையில் இல்லை.

எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு வேறு. அது நிலையாக எரிந்து, வண்டி இயல்பாக ஓடுகிறது என்றால் ஆக்ஸிலரேட்டர் மிதியை அதிகம் அழுத்தாமல் அடுத்த ஊர் வரை போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று போனால் குலுக்கல் கையிலேயே தெரியும். வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துங்கள். பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோதான் காரணம், இரண்டுமே சின்ன ஊர் மெக்கானிக்கே மாற்றக்கூடியவை.

திடீரென்று பிக்கப் இல்லை

இந்த வண்டிகளில் அதிகம் பேர் பயந்துபோவது இதற்குத்தான். லாரியை முந்தப் போகும்போது மிதித்தால் வண்டி நகர மறுக்கிறது. இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன, மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மிதித்த பிறகு ஒரு கணம் தாமதித்து, அப்புறம் நன்றாக இழுக்கிறது. இது கோளாறே இல்லை, டர்போ சுழன்று வேகமெடுக்க ஆகும் நேரம், டர்போ லேக் என்பார்கள். கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 2,000-க்கு மேல் இருக்கும்படி வைத்துக்கொண்டு முந்துங்கள்.

இரண்டாவது, காலையில் நன்றாக இருந்தது, மதியம் 2 மணிக்கு விருதுநகர் தாண்டும்போது கொஞ்சம் மந்தமாகத் தெரிகிறது, ஆனால் விளக்கு எதுவும் இல்லை. உள்ளே போகும் காற்று சூடாகிவிட்டது, கலவை நேரம் தப்பி எரியும் தட்டலை நாக் சென்சர் கேட்டு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது, எஞ்சின் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது. பானட்டைத் திறப்பதற்கு முன் முன்பக்க கிரில்லுக்குக் கீழே குனிந்து பாருங்கள். நம்முடைய சாலைகளில் பறக்கும் பாலிதீன் கவர் ஒன்று கீழ் கிரில்லில் அப்பிக்கொண்டு டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும், ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரையும் பாதி மூடியிருப்பது சர்வசாதாரணம். வேகமாகப் போகும்போது காற்று அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், நின்றால் தளர்ந்து கீழே விழுந்துவிடும் என்பதால் பலர் காரணத்தையே பார்க்காமல் போய்விடுகிறார்கள். போலோவின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினில் இன்டர்கூலர் தண்ணீரால் குளிரும் வகை, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் முன்னால்தான் இருக்கிறது, அதனால் அதற்கும் இதே சோதனை பொருந்தும்.

மூன்றாவது, சட்டென்று பாதி சக்தி போய்விட்டது, மஞ்சள் விளக்கு வந்துவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை. இது லிம்ப் மோடு, கோளாறு கண்டதும் எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் நிலை. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். சில சமயம் சரியாகிவிடும். சரியாகி மறுபடி வந்தால் நிஜமான காரணம் இருக்கிறது. பையில் வண்டியின் கணினி பதிந்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர் இருந்தால் இந்த இடத்தில்தான் அதன் விலைக்கு வேலை செய்யும். பி0299 என்று கோடு (கோளாறு எண்) வந்தால் டர்போ கொடுக்க வேண்டிய அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் டர்போ போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தொட்டுப் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. கிளாம்ப் இருக்கும் இடத்தில் ஹோஸைப் பிடித்து லேசாகத் திருப்பினால் அசையக்கூடாது. அசைந்தாலோ, அந்த மூட்டைச் சுற்றி மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து கறுப்பு வளையம் தெரிந்தாலோ காற்று அங்கேதான் தப்புகிறது. பயணத்துக்குச் சற்று முன் சர்வீஸ் விட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து மூடியவர்கள் கிளாம்பைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால் நகரத்தில் தெரியாது, நெடுஞ்சாலையில் முழு அழுத்தம் வரும்போதுதான் ஹோஸ் கழன்றுகொள்ளும். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சர்வீஸை முடித்து, நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

விசில், சீறல், ஊளை

மிதிக்கும்போது மெல்லிய விசில் கேட்பது டர்போவின் இயல்பான குரல். முன்பு இல்லாத "ஸ்ஸ்ஸ்" என்ற சீறல் மிதிக்கும்போது மட்டும் வந்தால் மேலே சொன்ன ஹோஸ். சுற்று ஏற ஏற சைரன் மாதிரி ஊளை ஏறி இறங்கினால், கூடவே சைலன்சரில் நீலப் புகையும் தெரிந்தால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு வழியில் மருந்து கிடையாது, மிதிக்காமல் ஊர் போய்ச் சேர்ந்து வொர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

வண்டியை அணைத்த பிறகும் முன்னால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று பதறுகிறவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை, வெப்பத்தை வெளியேற்றுகிறது, விட்டுவிடுங்கள். வேகமாக ஓட்டி வந்து நேராக உணவகத்தில் நிறுத்தி உடனே அணைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். டர்போவுக்குள் தேங்கிய ஆயில் தோசைக்கல்லில் காய்ந்த எண்ணெய் போலக் கருகி ஒட்டிக்கொள்ளும். அதற்காக ஐந்து நிமிடம் நின்று ஐட்லிங் விட வேண்டியதில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரை மென்மையாக ஓட்டி வந்தாலே போதும். மலையேறி உச்சியில் உடனே நிறுத்தும்போது மட்டும் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

மேல் கியரில் மிதித்தால் "கடகட" என்கிறது

இது மேனுவல், ஐஎம்டி (கிளட்ச் மிதி இல்லாத மேனுவல்) கியர்பாக்ஸ்காரர்களுக்கு. டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வண்டி தானே கியரைக் குறைத்துக்கொள்ளும். சுற்று 1,500 அருகே இருக்க, ஆறாவது கியரிலேயே மேட்டில் முழு மிதி மிதிப்பதுதான், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சினுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். சிலிண்டருக்குள் ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். அது பலமாக நடந்தால் பிஸ்டனே உடையும். கியரைக் குறையுங்கள், அவ்வளவுதான். இந்த வகை முன்எரிதலைத் தாங்கும்படி சோதிக்கப்பட்ட ஆயில்தான் ஏபிஐ எஸ்பி (API SP) தரம், 2020-இல் வந்தது. டப்பாவில் அந்த எழுத்துகளும், வண்டியின் கையேட்டில் சொன்ன கனமும் (0டபிள்யூ-30 போன்ற எண்) இரண்டும் பொருந்த வேண்டும். அதே ஆயிலில் ஒரு லிட்டரை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு உளுந்தூர்பேட்டையில் சரியான 0டபிள்யூ-30 தேடி அலைவது பெரும்பாடு.

ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் அளவு) கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால் தேவலையா என்று கேட்பார்கள். நகரத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோடை மதியம், முழு சுமை, தொடர்ந்து வேகம் என்றால் வித்தியாசம் தெரியும், போடலாம். 100 ஆக்டேன் இந்த எஞ்சின்களுக்குத் தேவையில்லை.

பெட்ரோல் போட்ட கொஞ்ச நேரத்தில் திக்கித் திணறுகிறது

பங்க்கை விட்டுக் கிளம்பிச் சில கிலோமீட்டருக்குள் ஆரம்பித்தால் சந்தேகம் நேராகப் பெட்ரோல் மேல்தான் போக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், வண்டி முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். திரும்பிப் போக முடியுமானால் பில்லோடு போங்கள். ஃபில்டர் பேப்பர் சோதனை, ஐந்து லிட்டர் அளவைச் சோதனை இரண்டையும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. மழைக்காலத்தில் டேங்கர் லாரி பெட்ரோல் இறக்கிக்கொண்டிருக்கும் பங்க்கைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவது நல்லது, அடியில் கிடப்பதெல்லாம் அப்போது கலங்கியிருக்கும். யாராவது தவறிப்போய் டீசல் அடித்துவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட்டே செய்யக்கூடாது, தள்ளி ஓரம் கட்டி டேங்கைக் காலி செய்ய ஆள் கூப்பிடுங்கள்.

வெப்ப முள் ஏறுகிறது

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழு வெப்பத்திலும் முழு வேகத்திலும் வைத்து ஜன்னல்களை இறக்குங்கள். கொதிக்கும், தெரியும், ஆனால் அந்த ஹீட்டர் இன்னொரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்யும். நெடுஞ்சாலையில் ஓடும்போது சரியாக இருந்து, சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன் ஓடவில்லை. ஓடும்போதே ஏறினால் கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), அல்லது தண்ணீர் பம்ப். முள் சிவப்பைத் தொட்டால் நிறுத்தி அணைக்க வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் நிற்கிறது, மூடி திறந்த கணத்தில் ஆவியாக முகத்தில் அடிக்கும். கை வைத்தால் மேல் ஹோஸ் சுடாத அளவுக்கு ஆறட்டும், அரை மணி நேரத்துக்குக் குறையாது. அவசரத்துக்குக் குடிநீர் பாட்டிலை ஊற்றலாம், ஊர் போனதும் முழுதாக மாற்றிவிடுங்கள்.

ஊர்ந்து போகும்போது உதறல், கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை

ஐ20 என் லைனின் ஏழு கியர் டிசிடியும், பழைய போலோ 1.2 டிஎஸ்ஐயின் டிஎஸ்ஜியும் (ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச்) உலர் கிளட்ச் வகை. ஆயிலில் நனையாத கிளட்ச். நெடுஞ்சாலையில் அருமையாக இருக்கும், ஆனால் விடுமுறை நாளில் கொடைக்கானல் மலைப்பாதையில் வாகன வரிசை நத்தையாக ஊரும்போது அதற்குத் தாங்காது. மேட்டில் பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம்தான் கிளட்ச்சைக் கருக்குகிறது. முன்னால் இரண்டு கார் நீளத்துக்கு இடைவெளி விழும்வரை பிரேக்கில் நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். எச்சரிக்கை வந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, 'பி'யில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டே ஆற விடுங்கள். சமதளத்துக்கு வந்த பிறகும் ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறினால் கிளட்ச் தேய்மானத்தை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிரேக் மிதி இறங்கிப் போகிறது

மலையிறங்கும்போது மட்டும் இது வந்தால் பிரேக் ஆயில் கொதிக்க ஆரம்பித்திருக்கிறது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரி தாங்கினாலே தரம் சரி என்று கணக்கு. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நம்மில் பலர் மாற்றுவதே இல்லை. ஒரு லிட்டர் எஞ்சினுக்கு எஞ்சின் பிரேக்கிங் குறைவு, பழைய டீசல் வண்டியில் மலை இறங்கிய நினைப்பில் இதில் இறங்கக்கூடாது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற டிரைவர்களின் பழைய கணக்கில் ஒரு கியர் குறைத்தே வையுங்கள். டிசிடியில் மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவதில் விடுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. வளைவுக்கு முன் நேர்சாலையில் அழுத்தமாகப் பிடித்து விட வேண்டும், முழு நேரமும் லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் ஆறவே ஆறாது. மிதி மெத்தென்று ஆகிவிட்டால் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.

90-க்கு மேல் ஸ்டீயரிங் ஆடுகிறது

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆடி, அதைத் தாண்டினால் குறைகிறது என்றால் வீல் பேலன்சிங். எடைத்துண்டு எங்கோ விழுந்திருக்கும், ஊர் ஊருக்கு டயர் கடைகளில் சரி செய்துகொள்ளலாம். பிரேக் பிடித்தால் மட்டும் ஆடினால் டிஸ்க். சாலையில் ஒரு பள்ளத்தில் "டம்" என்று இறங்கிய பிறகு ஆடுகிறது என்றால் அப்போதே நிறுத்திப் பாருங்கள். 195/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 107 மில்லிமீட்டர்தான், பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்க அதிகம் இடமில்லை. உள்ளங்கையை டயரின் பக்கச்சுவரில் வைத்து, ரிம் ஓரத்திலிருந்து சுற்றிலும் மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். கொப்புளம் மாதிரி ஓரிடத்தில் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. காற்று இறங்காவிட்டாலும் அந்த டயர் முடிந்தது. அதே வேகத்தில் போனால் வெடிக்கும். உட்பக்கச் சுவரையும் தடவ மறக்காதீர்கள், வெளியே சுத்தமாக இருந்து உள்ளே புடைத்திருப்பது நடக்கும். ஸ்டெப்னி சிறிய அளவில் இருந்தால் அதன் மேலேயே மணிக்கு 80 கிலோமீட்டர் வேக வரம்பு என்று எழுதியிருக்கும், அதை மதித்து ஓட்டுங்கள்.

காற்றழுத்தம் கதவோர ஸ்டிக்கரில் முழு சுமைக்குத் தனியாகக் கொடுத்திருப்பார்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு அடியுங்கள். மதியம் பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடியிருக்கும், அதைக் குறைக்கவே கூடாது. ஓடிச் சூடான டயரில் காற்றைத் திறந்துவிட்டால், ஆறியதும் காற்று போதாமல் போய், அதுவே அடுத்த நாள் சூட்டைக் கூட்டும்.

வண்டி தானாக ஒரு பக்கம் போகிறது

சமமான சாலையில் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் அந்தப் பக்க டயரில் காற்றைப் பாருங்கள், பிறகு அலைன்மென்ட். மழையில் ஓடும்போது ஸ்டீயரிங் சட்டென்று இலேசாகிவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கிறது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள்.

காவல்கிணறு தாண்டி நாகர்கோவில் பக்கம் திரும்பி, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போது வண்டி இடமும் வலமும் தள்ளாடினால் வண்டியில் எந்தக் குறையும் இல்லை. அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டிருக்கும் காரணமே அந்தக் கணவாய்க் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பலமாக வீசும். பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, உடுமலைப்பேட்டை பக்கமும் இதே கதை. லாரியை முந்தும்போது அது காற்றை மறைக்கும், அதைத் தாண்டிய கணத்தில் மொத்தக் காற்றும் பக்கவாட்டில் அடிக்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும், வேகம் 80-க்குள் இருக்கட்டும்.

மைலேஜ் பாதியாகிவிட்டது

90-இல் போவதற்கும் 120-இல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. அதோடு தொடர்ந்து அழுத்தத்தில் ஓடும் டர்போ எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கூடுதலாகப் பெட்ரோலையே ஊற்றும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் ஆற்றலும் கொஞ்சம் குறைவு. மூன்றும் சேர்ந்தால் எண்ணிக்கை விழத்தான் செய்யும், கோளாறு தேட வேண்டாம். ஒரே வேகத்தில், ஒரே சாலையில் போன தடவையைவிடக் குறைந்திருந்தால் மட்டும் டயர் காற்று, ஏர் ஃபில்டர், நின்ற பிறகு ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஊர் திரும்பி வொர்க்‌ஷாப்பில் விடும்போது

"பிக்கப் இல்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த கியர், எத்தனை சுற்று, எஞ்சின் சூடாக இருந்ததா, மேடா சமதளமா, கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டது என்பதை வழியிலேயே போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் கோடு வந்திருந்தால் அதைப் படம் எடுத்துவிட்டு, அழிக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். கோளாறு நடந்த நொடியில் இருந்த சுற்று, வேகம், வெப்பம் எல்லாம் அந்தக் கோடோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். அழிப்பதற்கு முன் அந்தப் பதிவைப் படித்துச் சொல்லும்படி சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே மாதிரி ஒரு சாலையில் ஓட்டிக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது, வொர்க்‌ஷாப் வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் இவற்றில் எதுவும் தெரியாது.